ஸ்டேஷன் விசாரணை முடிந்த பிறகுதான் அலைச்சலே ஆரம்பம்

போலீஸ் விசாரணை என்றால் எல்லோரும் அந்த அறைக்குள் நடப்பதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு அது ஒரு பகலில் முடிந்துவிட்டது. அப்புறம் வந்த மாதங்கள்தான் ஆளையே உலுக்கிவிட்டன, ஏனென்றால் "கூப்பிட்டா வரணும்" என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்வதில்லை. என்னைக் குற்றவாளியாகச் சேர்த்திருக்கிறார்களா, வாங்கி வைத்த என் ஃபோன் எப்போது திரும்பி வரும், வெளியூர் போகலாமா, எதற்கும் பதில் இல்லை.

நான் கணக்கு எழுதிய மொத்த வியாபாரக் கடையில் பணம் குறைந்தது, முதலாளி புகார் கொடுத்தார், கல்லாப் பக்கம் போய்வந்த எல்லோரையும் கூப்பிட்டார்கள். நோட்டீஸ் முதலில் வாட்ஸ்அப்பில் வந்தது. தெரிந்த வக்கீல் ஒருவர், "35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாதுன்னு 2025 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, தாளா வாங்குங்க" என்றார். (விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் பழைய 41ஏ நோட்டீஸ்தான் இது, 2024 ஜூலையில் பி.என்.எஸ்.எஸ். என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்ததும் பிரிவு எண் மாறிவிட்டது.) கேட்டதும் தந்துவிட்டார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்கில், நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமென்றால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதனால் நீங்கள் ஆஜரானதற்கும் உங்கள் கையில் ஆதாரம் வேண்டும். நகலில் தேதி போட்டுக் கையெழுத்துக் கேளுங்கள், தரவில்லையென்றால் அன்றைக்கே 'இன்று ஆஜரானேன்' என்று ஸ்டேஷன் முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பிவிடுங்கள்.

விசாரணையில் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை, ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஆனால் கிளம்பும்போது, எழுதிய வாக்குமூலத்தையும் கூடவே ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டி "ஃபார்மாலிட்டிதான், போட்டுட்டுப் போங்க" என்றார்கள். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாதென்று சட்டமே சொல்கிறது (அதே பி.என்.எஸ்.எஸ்., 181வது பிரிவு). கை நடுங்கியது, ஆனாலும் "வக்கீலைக் கேட்டுட்டுத்தான் சார்" என்று எழுந்துவிட்டேன். முறைத்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தெம்பாக இருக்கிறது.

ஃபோன் விஷயத்தில்தான் நொந்துபோனேன். "நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்று வாங்கி வைத்தார்கள். பேங்க் ஓடிபி, யுபிஐ, பிள்ளையின் ஸ்கூல் குரூப், எல்லாம் அதிலே. மறுநாள் போனால் ரைட்டர், "அது எஃப்.எஸ்.எல்.லுக்குப் போயிருக்குப்பா, வந்தா சொல்றோம்" என்றார் (தடயவியல் ஆய்வகத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்). கோர்ட்டில் விசாரித்தால், கைப்பற்றிய பொருள்களுக்கான சொத்துப் பிரிவைப் பார்ப்பவர் ரிஜிஸ்டரைக்கூடப் புரட்டாமல் "இங்க எதுவும் வரலை, ஸ்டேஷன்ல கேளுங்க" என்கிறார். இப்படி இரண்டு பக்கமும் பந்து மாதிரி உதைபட்டதில் சம்பளம் போனதுதான் மிச்சம். கைப்பற்றிய மகஜரின் (என்ன பொருளை எடுத்தார்கள் என்று எழுதும் பதிவு) நகல் என்னிடம் தரப்படவே இல்லை; அதில் ஐஎம்இஐ எண்ணோடு ஃபோன் பதிவாகியிருந்தால் யாரும் இப்படிக் கையை விரித்திருக்க முடியாது. ஆகவே ஃபோனை எடுக்கிறார்கள் என்றால் அங்கேயே நின்று நகல் கேளுங்கள். சிம்மைக் கழற்றித் தரச் சொல்லியும் கேளுங்கள், மறுத்தால் நேராக ஆதாரோடு போய் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுங்கள்.

கடைசியில் வக்கீல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பொருளைத் திருப்பிக் கேட்டு மனு போட்டார். மனு போட்டதும் போலீஸ் அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டுமல்லவா, அப்போதுதான் ஃபோன் எங்கே இருக்கிறது என்பதே தெரிந்தது! அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை, ஃபோனின் அசல் பில் வேண்டுமாம். வாங்கிய கடைக்காரர் புண்ணியவான், பழைய கம்ப்யூட்டரில் தேடி மறுபடி பிரிண்ட் போட்டு சீல் வைத்துத் தந்தார். விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, கோர்ட் கேட்டால் கொண்டுவர வேண்டும் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

"தொண்ணூறு நாள்ல சார்ஜ்ஷீட் போடலைன்னா கேஸ் தானா போயிடும்" என்று எனக்குச் சொல்லாத ஆளில்லை. நம்பாதீர்கள். அந்த 60, 90 நாள் கணக்கு சிறையில் இருப்பவருக்கு ஜாமீன் கிடைப்பதற்கானது. வெளியில் இருப்பவரின் வழக்கு அதனால் முடிந்துவிடாது. அதேபோல வழக்கைக் கைவிட்டாலும் தகவல் புகார்தாரருக்குத்தான் போகும், விசாரிக்கப்பட்ட நமக்கு யாரும் கடிதம் போடப்போவதில்லை. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துக்கொள்ளுங்கள் (பாலியல் குற்றம் மாதிரியான சில வழக்குகளில் ஏற்ற மாட்டார்கள்). பிறகு கோர்ட் வழக்கு விவரங்களைப் பார்க்கும் இகோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், வருடம் கொடுத்து அவ்வப்போது தேடுங்கள். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். குற்றப்பத்திரிகை கோர்ட்டில் எண்ணாகியிருந்தது, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர். ஸ்டேஷனிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டில் எல்லோரும் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

இருந்தாலும் மேல்விசாரணை என்று மறுபடி ஆரம்பிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது, அதனால் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் இலவச சட்ட உதவி எண்ணான 15100க்கு ஃபோன் செய்யுங்கள், இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னாலேயே போவது நல்லது.