அடைப்பு எத்தனை சதவீதம்?

இதய இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது, எத்தனை அடைப்பு, எத்தனை சதவீதம் என்பதைத்தான். எழுபது என்றால் முகம் வாடுகிறது. முப்பது என்றால் "அது ஒன்றும் செய்யாது" என்று தேற்றிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இந்த அடைப்புக்குக் காரணமான தமனித் தடிப்பை, அதாவது இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு சேரும் நோயைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்த முப்பதுக்கு நாம் தரும் ஆறுதல்தான் எனக்கு உறுத்துகிறது.

உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப் பழக்கம் ஆகியவை தமனியின் மெல்லிய உட்படலத்தைப் பழுதாக்கும்போது, இரத்தத்தில் வரும் எல்.டி.எல். கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் வெள்ளையணுக்களோ கொழுப்பை விழுங்கிவிட்டு, வெளியேற வழியின்றி அங்கேயே மடிகின்றன. தண்ணீர்க் குழாயில் பாசி படிவது போல என்று பலரும் விளக்குவதுண்டு. ஆனால் இந்தக் கொழுப்பு சேர்வது சுவரின் தடிமனுக்குள். சுவர் முதலில் வெளிப்பக்கமாகப் புடைத்து இடம் கொடுப்பதால், இரத்தம் ஓடும் வழி பல ஆண்டுகள் குறுகாமலே இருக்கக்கூடும். ஆஞ்சியோகிராம் காட்டுவது அந்த வழியை மட்டுமே.

மாரடைப்பு பெரும்பாலும் சுவருக்குள் இப்படிச் சேர்ந்த கொழுப்புத் திட்டின் மேல்மூடி கிழிந்து, அந்த இடத்தில் இரத்தம் உறைவதால் வருகிறது. அப்படிக் கிழிவது பல நேரங்களில் பாதி வழியைக்கூட மறைக்காத திட்டுதான் என்பதால், டிரெட்மில் சோதனையில் தேறியவர் சில வாரங்களில் மாரடைப்போடு மருத்துவமனைக்கு வருவது மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

தொடக்கமும் நாம் நினைக்கும் வயதில் இல்லை. கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டபோது, சராசரி வயது 22தான். அவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோரின் இதயத் தமனிகளில் இந்நோயின் அடையாளம் இருந்தது.

மாரடைப்பு வந்த நேரத்தில், அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக் குழாயான ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் நோய் திடீரென்று மோசமாகாமல் நிலையாக இருந்த 2,287 இதய நோயாளிகளிடம் நடத்தி 2007இல் வெளியான 'கரேஜ்' ஆய்வில், மருந்தோடு ஸ்டென்டும் வைத்துக்கொண்டவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் இடையே இறப்பிலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டென்ட் ஓரிடத்தைத் திறக்கிறது. நோயோ உடலெங்கும் உள்ள தமனிச் சுவர்களில் இருக்கிறது. "ஸ்டென்ட் வைத்தாயிற்றே, இனி கொழுப்பு மாத்திரை எதற்கு?" என்று ஸ்டாட்டினை நிறுத்துகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கால்களையும் கவனிக்க வேண்டும். சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும் வலியை வயதின் மேல் போட்டுவிட்டுத் தைலம் தேய்க்கிறோம். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் எளிய சோதனையில் 0.9க்குக் கீழே வந்தால், அது காலில் தமனி அடைப்பு என்றே பொருள். அத்தகையவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.