பழைய அலாய் வீலில் காற்று மெல்ல இறங்கினால்: கசிவைத் தேடிப் பிடித்த அனுபவம்

என் காரில் இருப்பவை 14 அங்குல அலாய் வீல்கள், அதாவது அலுமினியக் கலவையில் வார்த்தவை, நல்ல வயதானவை. பின் இடது சக்கரத்தில் காற்றழுத்தம் வாரத்துக்கு 4, 5 பி.எஸ்.ஐ. இறங்கிக்கொண்டிருந்தது. முன் இடதில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. வலப்பக்கம் இரண்டும் நன்றாக நின்றன. டயரில் ஆணி, கம்பி எதுவும் இல்லை. காற்றுப் பிடித்துப் பிடித்தே ஓட்டுபவர்கள் உண்டு. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஏறி இறங்கும் வண்டிக்கு அது ஆகாது என்று எனக்குப் பட்டது.

முதலில் அளவு. விடியற்காலையில், வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, ஒரே கேஜில் பார்க்க வேண்டும். மலைக்குப் போய் வருபவர்களுக்கு இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கேஜ் காட்டுவது உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் 2 பி.எஸ்.ஐ. போலக் குறைவதால், அந்த அளவு கேஜில் கூடித் தெரியும். ஆனால் குளிர் 10 டிகிரி கூடினால் 32 வைத்த டயரில் ஒன்றரை பி.எஸ்.ஐ. இறங்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடுவதால், மேலே பார்த்த அளவை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது. எல்லா அளவையும் சேலத்தில் வீட்டு வாசலிலேயே எடுத்தேன். நான்கும் சேர்ந்து இறங்கினால் அது குளிர். ஒன்றோ இரண்டோ மட்டும் இறங்கினால்தான் கசிவு.

அப்புறம் சோப்புத் தண்ணீர். வால்வு வாயில் ஒரு சொட்டு விட்டால் வால்வு பின் சரியில்லை என்றால் குமிழி எழும். ரப்பர் வால்வைப் பக்கவாட்டில் லேசாக வளைத்து அதன் அடியிலும் விட வேண்டும். வெடிப்பு இருந்தால் வளைக்கும்போதுதான் வாய் திறக்கும். இரண்டு சக்கரத்திலும் வால்வில் குறையில்லை.

கோரிமேடு பக்கம் இருக்கும் பஞ்சர் கடை அண்ணனிடம், “தொட்டியில முக்கினா தெரிஞ்சிடாதுங்களா?” என்று கேட்டேன். “பெரிய லீக்குன்னா தெரியும் தம்பி. சின்னதுக்குப் படுக்கப் போட்டுத் தண்ணி ஊத்திட்டு, டீ குடிச்சிட்டு வந்து பாருங்க” என்றார். அருமையான யோசனை. சக்கரத்தைக் கழற்றி ஒரு பக்கெட் மேல் படுக்கவைத்து, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே இருக்கும் வளையப் பள்ளத்தில் சோப்புத் தண்ணீரை நிரப்பினேன். வெளிப்பக்கம் ஒன்றுமில்லை. திருப்பிப் போட்டு உள்பக்கம் நிரப்பினால், கால் மணி நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் கடுகளவு நுரை திரண்டு நின்றது. அந்த இடத்துக்கு நேராக டயரிலும் ரிம்மிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். இந்தக் கோடு ரொம்ப முக்கியம். டயரைப் பிரித்த பிறகு எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

கடையில் டயரைக் கழற்றியதும் காரணம் கண்ணெதிரே கிடந்தது. டயரின் விளிம்பு உட்காரும் தடத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பெயின்ட் உப்பி, நகத்தால் தொட்டதும் செதிலாக வந்தது. அடியில் வெள்ளைப் பொடி. அதற்கு நேர் மேலே, சக்கரம் அதிராமல் சுற்ற ரிம் ஓரத்தில் மாட்டும் பேலன்சிங் எடையின் இரும்புக் கிளிப் கடித்திருந்த தழும்பு. கிளிப் பெயின்ட்டைக் கீறிவிடுகிறது. இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் மழைத்தண்ணீர் நின்றால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். அரிப்பு பெயின்ட்டுக்கு அடியிலேயே பரவி, டயரைத் தூக்கி, காற்றுக்கு வழி விட்டுவிடுகிறது. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் அலுமினியம் எடுத்த காலம் ஒன்று உண்டு. பாக்சைட்டில் இருப்பதும் நீர் சேர்ந்த அலுமினிய ஆக்சைடு, இந்த வெள்ளைப் பொடியும் அதே இனம்தான். உலோகம் பழையபடி மண்ணாகப் பார்க்கிறது.

கிரைண்டர் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது பொடியோடு உலோகத்தையும் தின்று பள்ளம் போட்டுவிடும். கையாலேயே பித்தளை வயர் பிரஷ், அப்புறம் 240 உப்புத்தாள், கடைசியில் 400. தடம் முழுக்கச் சுற்றித் தேய்த்தோம். டயர் விளிம்பில் ஒட்டியிருந்த செதிலையும் விடவில்லை. வெறும் உலோகத்தை அப்படியே விட்டால் திரும்ப அரிக்கும் என்பதால் அலுமினியத்துக்கான பிரைமர் மெல்லிசாக ஒரு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே காற்றை அடைக்கும் பீடு சீலர் தடவினோம். டயர் கழன்றிருக்கும்போதே புது வால்வும் போட்டாயிற்று. எடை இனிமேல் ஒட்டுகிற வகைதான்.

முன் இடது சக்கரத்தின் சங்கதி வேறு. பள்ளம் நிரப்பியும் நுரை வரவில்லை. ரிம்மின் உள்வளைவில், டயர் விளிம்பைத் தாண்டிய இடத்தில் சோப்பு அடித்தபோதுதான் பொடி நுரை வந்தது. இது வார்ப்பில் உள்ள நுண்துளையாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். தெரிந்தவர் பட்டறையில் விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயம் இருந்தது. அடித்து, ஊறவிட்டு, துடைத்து, உள்ளே இறங்கிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரை மேலே அடித்தோம். துளை என்றால் புள்ளியாக வரும். எங்களுக்கு வந்தது தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு, விளிம்பிலிருந்து உள்ளே இறங்கியது.

ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்று பலர் சொன்னார்கள். சூடேறிய இடத்தில் அலாயின் பலம் குறைந்துவிடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது முன்சக்கரம். அந்த ரிம்மை ஓரம் கட்டிவிட்டேன். டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவமும் வேண்டாம். கசிவை அடைத்துவிட்டு விரிசலைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

பின் இடது இப்போது மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. அளவில் நிற்கிறது. நல்ல ரிம்முக்கே அவ்வளவு இறங்கும். முன்பக்கம் இப்போதைக்கு இரும்பு ரிம் ஸ்டெப்னி ஓடுகிறது. அதே அளவு, அதே ஆஃப்செட்டில் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதை மாட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) ஒரு அலாய் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால், டயர் ஏற்றும் முன் முதலில் அதற்குச் சிவப்புச் சாயம் அடித்துப் பார்க்கப் போகிறேன்.