தேயிலை வேரில் ஓர் அன்னம்: நோர்வூட் பக்கத்தில் செய்த கைத்தடி

இலங்கை மலையகத்தின் சுற்றுலாக் கடைகளில் தொங்கும் அலங்காரக் கைத்தடிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். யானைத் தலையும் சிங்கத் தலையும் பளபளக்கும் வார்னிஷும் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் நான் 1800 ரூபா கொடுத்து வாங்கிய தடியின் யானைத் தலை, சிவனொளிபாதமலையிலிருந்து இறங்கும்போது, முழங்கால்கள் நடுங்கி உடலின் பாரமெல்லாம் கைக்கு வந்த நேரம் பார்த்துக் கழன்று வந்துவிட்டது. உள்ளே இருந்தது ஒரு சிறிய ஆணியும் காய்ந்துபோன பசையும் மட்டுமே. 2243 மீற்றர் உயரமுள்ள மலையில் ஏறி இறங்கும் வயதானவர்களுக்கு இப்படி ஒரு பொருளை விற்பது வியாபாரமே அல்ல. தடியின் தலை என்பது அழகுக்காக மேலே ஒட்டி வைக்கும் பொம்மை இல்லை. ஆளின் எடை முதலில் இறங்கும் இடம் அதுதான்.

அந்தக் கோபத்தோடு அடிவாரத்துத் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருந்தபோதுதான், நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் கைத்தடி செய்கிறார் என்ற தகவல் கிடைத்தது. பிறகு தொலைபேசியில் அழைத்தேன். செய்து தரச் சம்மதித்த அவர் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: "தலையில என்ன உருவம் வேணும்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க தம்பி. இங்க வந்து யோசிச்சா நாள்தான் போகும்."

ஆகவே உருவத்தைத் தேடி, மரச் செதுக்கு வேலைக்குப் பெயர்போன எம்பக்கேக் கோயிலில் இந்தப் பயணம் தொடங்கியது. கண்டியிலிருந்து பேருந்தில் போகலாம். செலவு மிகக் குறைவு. கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே ஆகிய மூன்று கோயில்களையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்பது உண்மைதான், ஆனால் மரவேலையில் விருப்பமுள்ளவர்கள் அரை நாளையாவது எம்பக்கேக்கு ஒதுக்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் இக்கோயில் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. அங்குள்ள மேள மண்டபத்தின் மரத் தூண்களைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட என்னால் முடியவில்லை. மல்லர்கள், குதிரை வீரன், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், இருதலைப் பறவை, கழுத்தோடு கழுத்து பின்னிய அன்னங்கள் என்று ஒவ்வொரு தூணின் சதுரப் பரப்பிலும் ஒரு தனி உலகம் இருக்கிறது. கூரையின் ஒரு முனையில் 26 சாய்மரங்களை மரத்தாலான ஒரே ஓர் ஆணி பிடித்து நிற்கிறது. அதை நிமிர்ந்து பார்த்தபோது, ஒற்றை இரும்பு ஆணியில் தலையைச் செருகி விற்றவர்மீது எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. (கடலாதெனியக் கற்கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்று அங்குள்ள 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தமிழர்கள் அவசியம் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.)

கதிர்காமக் கடவுளின் கோயில் என்பதால் மயில் தலைதான் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அன்னத்தையும் ஒரு துணைக்குப் படம் வரைந்து வைத்துக்கொண்டேன்.

கண்டியிலிருந்து ஹற்றன் வரை வந்த பேருந்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாவலப்பிட்டி தாண்டிய வளைவுகளில் சாரதி காட்டிய வேகமும், இருக்கைக்கு மேல் அலறிய ஒலிபெருக்கியும், நின்றுகொண்டு வந்த தாய்மாரை நடத்துநர் உள்ளே தள்ளிய விதமும் மன்னிக்க முடியாதவை. அதைவிட மோசம் ஹற்றனில் கிடைத்த முச்சக்கரவண்டி. மீற்றர் பழுதென்று சொன்ன சாரதி, என் பையையும் காலணியையும் பார்த்துவிட்டு 4000 ரூபா கேட்டார். நான் தமிழில் பேசத் தொடங்கியதும் அது 2500 ஆயிற்று. நோர்வூட்டுக்கு அடிக்கடி பேருந்து ஓடுகிறது, கட்டணமும் அதில் சிறு பகுதிதான். பேருந்தில் போய் இறங்கி, தோட்டத்துப் பாதையில் நடந்துவிடுங்கள். மிச்சப்படும் பணத்தைத் தடி செய்பவர் கையில் கொடுங்கள்.

பெரியவரின் வீடு, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் கடைசிக் காம்பரா. அடுப்படிக்கு மேலே, புகை படியும் பரணில், கட்டுக்கட்டாகக் கம்புகள் கிடந்தன. பெரும்பாலும் கொய்யா, சில கோப்பி. வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் மெழுகுதிரியை உருக்கிப் பூசிவிடுகிறார். அப்படிச் செய்யாவிட்டால் முனைவழியாக ஈரம் வேகமாக வெளியேறிக் கம்பு வெடித்துவிடும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது அவர் கணக்கு. பச்சைக் கம்பை அவசரப்பட்டுச் செதுக்கினால், காய்கையில் அது சுருங்கித் தலையைப் பிடித்திருக்கும் பூண் தளர்ந்துவிடும். கடைத் தடிகளில் தலை ஆடத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் வேலை அளவு எடுப்பது. நடக்கும்போது அணியும் காலணியோடே நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தொங்கும் கையின் மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை அளந்தார். சமதரையில் நடக்க அது போதும். முழங்கை சற்றே மடிந்திருக்கும், தோள் உயராது. படியில் இறங்கும்போது தடி முன்னதாகக் கீழ்ப்படியைத் தொட வேண்டும் என்பதால் எனக்கு இரண்டு அங்குலம் கூட்டினார். கடைகளில் எல்லாருக்கும் ஒரே நீளத்தில் தடி விற்கப்படுவதை நினைத்துப் பாருங்கள்.

நான் தேர்ந்தெடுத்த கொய்யாக் கம்பு நடுவில் சற்று வளைந்திருந்தது. அடுப்புத் தணலுக்கு மேலே அந்த இடத்தை மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி, கை பொறுக்காத சூடு வந்ததும், கதவு நிலையின் இடுக்கில் செருகி, நேர்நிலையையும் தாண்டி எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்தார். சூடு ஆறும்வரை பிடியை விடவில்லை. விட்டதும் அது கொஞ்சம் திரும்பி வந்து, நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. கருகாமலும் பட்டை உரியாமலும் அவர் அதைச் செய்த விதத்தை நான் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைக்கு எடுத்தது தேயிலை வேர். மறுநடுகைக்காகப் விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையைப் பிடுங்கும்போது கிடைக்கும் வேர்க்கட்டைகள் பெரும்பாலும் விறகாகவே எரிந்துபோகின்றன. ஆண்டாண்டுகளாகக் கவ்வாத்து வெட்டப்பட்டு, மேலே வளர விடாமல் இடுப்பளவில் நிறுத்தப்பட்ட செடி அது. மிக மெதுவாகப் பருத்த அந்த மரம் அடர்த்தியாகவும் கனமாகவும் இருக்கிறது. மெருகேற்றினால் பழுப்பில் சிவப்பு கலந்த வரிகள் தெரிகின்றன. இந்த மலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மயில் படத்தைக் காட்டினேன். அவர் வேர்த்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுத்தார். மயிலின் அலகும் கொண்டையும் மெல்லியவை. மரத்தின் நார் ஓட்டம் அவற்றுக்குக் குறுக்காக விழுந்தால் முதல் தட்டிலேயே உடைந்துவிடும், உடையாவிட்டாலும் உள்ளங்கையைக் குத்தும். பிறகு என் தாளில் இருந்த அன்னத்தைக் காட்டி, "இது கைக்குள்ள படுத்துக்கும்" என்றார். கழுத்தைப் பின்னுக்கு மடித்து, அலகை மார்போடு ஒட்டவைத்தால், எங்கும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பகுதியே இராது. முதுகின் வளைவு உள்ளங்கைக்கும், கழுத்தின் மடிப்பு கட்டைவிரலுக்கும் இடம் கொடுக்கும். எம்பக்கேத் தூணில் அழகுக்காகப் பின்னியதென்று நான் நினைத்த உருவத்துக்கு, ஒரு கைத்தடியில் இவ்வளவு உறுதியான நியாயம் இருந்தது.

செதுக்குவதற்கு முன்னரே துளை போட்டுவிட வேண்டும் என்பது அவர் கற்றுத்தந்தவற்றுள் மிக முக்கியமானது. கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் நடுவும் நேரும் சரியாகக் கிடைக்கும். உருவம் வந்தபின் துளைத்தால் தலை சாய்ந்துபோகும். தலையிலும் கம்பிலும் இரண்டிரண்டு அங்குல ஆழத்துக்குத் துளைத்து, புரி வெட்டிய எட்டு மில்லிமீற்றர் எஃகுக் கம்பியை இரண்டுக்கும் பொதுவாக அரல்டைட் பசை இட்டு இறக்குவதுதான் அவர் முறை. புரியின் பள்ளங்களில் பசை இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. மூட்டுக்கு வெளியே, பழைய தண்ணீர்க் குழாயிலிருந்து அறுத்த பித்தளைப் பூண்.

துளை போட்டபின் இரு பக்கங்களிலும் அன்னத்தின் பக்கத்தோற்றத்தைப் பென்சிலால் வரைந்து, வேண்டாத மூலைகளைக் கைவாளால் அறுத்தெடுத்தோம். அதன் பின்னர் உளியும் கத்தியும். அவருடைய கத்தி, கவ்வாத்துக் கத்தியின் தேய்ந்த அலகிலிருந்து அடித்துச் செய்தது. சிறகின் வரிகளை அவர் வெட்டினார். முதுகை அரத்தால் உருட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. பத்துத் தடவை அரத்தை இழுத்தால் ஒரு தடவை கையில் வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். பின்னர் சொரசொரப்பானதிலிருந்து மென்மையானது வரை 80, 120, 240 என்று வரிசையாக சாண்ட்பேப்பர். கையின் பிடியை வைத்தே ஓர் உருவம் முடிவுக்கு வருவதை நேரில் அனுபவித்தது என் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று.

மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய மனைவி விறகடுப்பில் சுட்டுத் தந்த தேங்காய் ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டைச் சம்பல், நெத்தலி போட்ட உருளைக்கிழங்குக் குழம்பு, அதன்மேல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த சூடான சாயத்தண்ணி. கண்டி உணவகத்தில் 2200 ரூபாவுக்குச் சாப்பிட்டது இதன் பக்கத்தில்கூட வர முடியாது. பணம் கொடுக்க முயன்றேன். அந்த அம்மா வாங்கவே இல்லை. அடுத்த நாள் மாவும் பருப்பும் வாங்கிக்கொண்டு போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தடிக்கு அவர் கேட்டது 6000 ரூபா. ஓராண்டுக்கு மேல் காய்ந்த கம்பு, நாட்கணக்கான உழைப்பு, பித்தளை, எஃகு எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான். இதைப் பேரம் பேசிக் குறைக்கும் சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்களாம். என் பயணக் கணக்கு ஏற்கெனவே இறுக்கமாக இருந்தபோதிலும் கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். கொழும்புக்கு மூன்றாம் வகுப்பு இரயிலில் திரும்பினால் அந்த வித்தியாசம் சரியாகிவிடும்.

அடிமுனைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் இறப்பர் குமிழ் போதும்; சீமெந்துப் படிகளில் வழுக்காது, தேய்ந்தால் மாற்றலாம். அன்னத்துக்கு மட்டும் ஆளி எண்ணெயை மெல்லியதாகத் துணியில் தொட்டுத் தேய்த்தோம். அந்தத் துணியைச் சுருட்டி எறியாமல் வெளியே விரித்துக் காயவிட வேண்டும், ஏனென்றால் சுருட்டிய எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. கம்புக்கு எண்ணெய் வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். மாத்தளைக்கு அருகிலுள்ள பல்லே ஹபுவிடவில், நிறம் கலந்த அரக்கைச் சூட்டில் நூலாக இழுத்துச் சுற்றி, நகத்தால் அழுத்தித் துண்டித்து வடிவம் போடும் பழைய வேலை இன்றும் நடக்கிறது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கறுப்பும் கொண்ட அந்த வளையங்கள் கைத்தடிகளுக்கென்றே அமைந்தவை. எண்ணெய் ஊறிய மரத்தில் அரக்கு ஒழுங்காகப் பிடிக்காது என்று பெரியவரும் சொன்னார். அடுத்த சம்பளம் வந்ததும் மாத்தளைக்குப் போகிறேன். பூணுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு அரக்கு வேலை செய்ய எவ்வளவு ஆகும் என்பதை அங்கிருந்தே எழுதுகிறேன்.