பாலர் வகுப்பு நாட்குறிப்பு: பாளையங்கோட்டை, 2023 கிறிஸ்மஸ்

நவம்பர் 26, ஞாயிறு

அடுத்த ஞாயிறு அட்வென்ட், அதாவது கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் காலம், தொடங்குகிறது. இந்த வருஷம் எங்கள் சபை ஞாயிறு பள்ளியின் பாலர் வகுப்பில் பாதிக்கு மேல் மூன்று வயது நிரம்பாத பிள்ளைகள். அண்ணன், அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்து முன்வரிசைப் பாயில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இவர்களுக்கென்று தனியாக யோசித்தே ஆகவேண்டும்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி, கேட்டார்கள். "கிறிஸ்மஸுக்குப் பாலர் என்னம்மா செய்யப் போறாங்க? ஹால் வாசல்ல ஒரு மேசை போட்டு பிள்ளைங்க கைவேலை எல்லாத்தையும் அடுக்கிருவோமா?"

மேசை வேண்டாம் அம்மா என்றேன். பார்வைக்கு வைக்க வேண்டும் என்று வந்துவிட்டால் பிள்ளை ஒரு துண்டுப் பஞ்சை ஒட்டும், மற்றதையெல்லாம் டீச்சர்மார் ஒட்டுவோம். கடைசியில் எல்லா ஆடும் ஒரே மாதிரி அழகாக இருக்கும். பிள்ளைக்குக் கதை போய்ச் சேர்ந்திருக்காது. இரண்டு வயதில் கதை காதுவழியாகப் போவதைவிடக் கைவழியாகத்தான் அதிகம் போகிறது. அதனால் இந்த முறை ஒரே ஒரு முடிவு: கதையில் வருகிறவர்கள் என்ன செய்தார்களோ, அதையே பிள்ளையும் செய்ய வேண்டும். யோசேப்பும் மரியாளும் நடந்தார்கள். மேய்ப்பர்கள் தேடிப் போனார்கள். மரியாள் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கிடத்தினாள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகளான சாஸ்திரிகள் காணிக்கை கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு செயல், ஒரே ஒரு வரி. அதற்கு மேல் வேண்டாம்.

ஐயரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிம்மா, உன் இஷ்டம். தாய்மார் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ" என்றார்கள். சொல்லிக்கொள்கிறேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

நடக்கும் கதை. வெள்ளைச் சார்ட் பேப்பரை நீளமாக ஒட்டி ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரித்தோம். ஒரு அகலத் தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீர். பிள்ளை தட்டில் காலை நனைத்துவிட்டுப் பேப்பர்மேல் நடக்க வேண்டும். இந்தக் கோடி நாசரேத்து, அந்தக் கோடி பெத்லகேம். வரியும் அதுதான்: "நடந்தாங்க, நடந்தாங்க, பெத்லகேமுக்கு நடந்தாங்க."

நாசரேத்து என்று சொன்னதுமே சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு குட்டி எழுந்து நின்று, "எங்க ஆச்சி ஊரு!" என்றாள். திருச்செந்தூர் பக்கத்து நாசரேத்து. அவளுக்கு அந்த ஊருக்குப் போகிற பஸ்கூடத் தெரியும். இது வேறு, அது வேறு என்று நான் விளக்கப் போகவில்லை. ஆச்சி ஊரிலிருந்துதான் மரியாள் புறப்பட்டாள் என்று இப்போதைக்கு இருக்கட்டும். ஐந்தாறு வயதில் தானே பிரித்துக்கொள்வாள். இந்த வயதில் கதை ஆச்சி வீட்டுப் பக்கத்தில் நடந்தால்தான் அவளுக்கு நிஜம்.

கலிலேயா நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பயணத்தைச் சுவிசேஷத்தில் எழுதிய லூக்கா கழுதையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதனால் நானும் கழுதையைக் கொண்டுவரவில்லை, எல்லோரும் நடந்தே போனோம். சிலர் திரும்பித் திரும்பி வந்து நடந்தார்கள். ஒருவன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான், தூக்கு என்று கையை நீட்டினான். மரியாளுக்கும் இப்படித்தான் கால் வலித்திருக்கும்டா என்று சொல்லித் தூக்கிக்கொண்டேன்.

மஞ்சள் கறை வெள்ளை உடுப்பில் பட்டால் போகாது. அடுத்த முறை பழைய உடுப்பு போட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய உடுப்பா என்று தாய்மார் கேட்பார்கள்தான்.

டிசம்பர் 10, ஞாயிறு

மேய்ப்பர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டு ராத்திரி முழுக்கக் காவல் இருக்கும் கீதாரிகளைச் சில பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். "ஆடு ம்மே, ராத்திரி, குளிரு" என்று ஒருவனே பாதிக் கதையைச் சொல்லிவிட்டான்.

ஆட்டுப் படத்தில் ஒட்டுவதற்கு மருந்துக்கடைச் சுருள் பஞ்சுதான் சரி. இலவம்பஞ்சு மெத்தென்று இருக்கும். ஆனால் பறந்து மூக்கில் ஏறிவிடும், சின்னப் பிள்ளைகள் நடுவில் அதைப் பிரிக்கவே கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய கைப்பிடி கொடுத்துவிட்டேன். பிய்ப்பதுதான் அவர்கள் வேலை. கத்தரிக்கோல் பிடிக்க இன்னும் நாளாகும். பிய்ப்பது, கிழிப்பது, கசக்குவது இதெல்லாம் இந்த விரல்களுக்கு இப்போதே வரும், விரல் வலுப்படவும் அதுவே நல்லது.

ஆடுகள் எப்படி வந்தன என்று கேட்கிறவர்களுக்கு: ஒன்றுக்கு முகம்வரை பஞ்சு, ஒன்றுக்குக் காலில் மட்டும் பஞ்சு. ஒருத்தி ஆட்டை விட்டுவிட்டுத் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டு, "நான் ஆடு" என்றாள். இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் தேடல். குழந்தை இயேசுவாக ஒரு துணிப் பொம்மையை ஓலைக் கொட்டானில் வைத்து ஹாலில் ஒளித்துவைத்திருந்தேன். விளக்கை அணைத்துவிட்டு, "பயப்படாதிருங்கள்" என்று தேவதூதன் சொன்னதை மெதுவாகச் சொன்னேன். பிறகு விளக்கைப் போட்டதும் எல்லோரும் ஓடினார்கள். மேய்ப்பர்கள் தீவிரமாய்ப் போனார்கள் என்றுதான் வேதத்தில் இருக்கிறது. கொட்டான் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. கண்டுபிடித்த பிறகும் "இன்னொரு தடவை, டீச்சர்" என்றார்கள். மறுபடி ஒளித்தேன். மறுபடி அதே இடத்தில்தான். இடம் தெரிந்தே போய்த் தேடுவதில்தான் அவர்களுக்கு சந்தோஷம்.

டிசம்பர் 14, வியாழன்

மார்க்கெட் போய் வந்தேன். தெருவெல்லாம் ஸ்டார் தொங்குகிறது. கைவேலைச் சாமான் விற்கும் கடையில் மணி, ஜிகினா, ஒட்டுகிற கண், தெர்மோகோல் உருண்டை என்று எவ்வளவோ. எதையும் வாங்கவில்லை. வாயில் முழுதாக நுழைகிற எதுவும் என் வகுப்புப் பாயில் விழக் கூடாது.

தாய்மாருக்கு ஒரு விஷயம், கட்டாயம் படியுங்கள். கிறிஸ்மஸ் குடிலில் வைக்கச் சின்னச் சின்ன எல்இடி மெழுகுவர்த்தி வருகிறதே, அதற்குள் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். மூடி லேசாகக் கழன்று வரும். அதைப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வீட்டில் வைத்தியம் பார்க்காமல், விழுங்கியதோ என்று சந்தேகம் இருந்தால்கூட, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குடிலில் விளக்கு வேண்டுமென்றால் பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பசை வீட்டிலேயே காய்ச்சுகிறேன். ஒரு கப் மைதாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீர் மூன்று கப்பில் ஊற்றிக் கிண்டினால் பளபளவென்று வரும்போது இறக்கிவிடலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பைண்டிங் கடைக்காரர்களும் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் பசையில் அதன் வாசமே வரக் கூடாது. நம் பசை இரண்டு நாளில் புளித்துவிடும், புளித்தால் கொட்டிவிட்டு வேறு காய்ச்ச வேண்டியதுதான். எப்படியும் பாதிப் பேர் விரலை நக்குவார்கள்.

டிசம்பர் 17, ஞாயிறு

வகுப்பு இல்லை. விடியுமுன்னே பிடித்த மழை விடவே இல்லை. கரண்ட் போய்விட்டது. இதை நோட்டில் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 20, புதன்

இன்றுதான் போன் உயிர் பெற்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையாம். தாமிரபரணி இரு கரையும் புரண்டு, நெல்லையில் வண்ணாரப்பேட்டை, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் எல்லாம் தண்ணீருக்குள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு மாட்டிக்கொண்ட 800 பேரைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. இந்த மாதத் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்துக்கு அனுப்ப நாங்கள் துணி சேர்த்தோம். இப்போது நம் ஆட்களுக்கே சேர்க்கிறோம்.

எங்கள் ஹாலில் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். பாலர் பாய்களில் கைக்குழந்தைகளும் வயசானவர்களும் படுத்திருக்கிறார்கள். மஞ்சள் கால் பதிந்த சார்ட் இன்னும் சுவரில் இருக்கிறது. அதைக் கழற்றவா என்று ஒரு அண்ணன் கேட்டார். தங்கியிருக்கிற ஒரு பிள்ளை அந்தக் கால்மேல் தன் காலை வைத்து அளந்துகொண்டிருந்ததால், இருக்கட்டும் என்றேன்.

டிசம்பர் 21, வியாழன்

வாலிபர் வகுப்பு டீச்சர் ஒருவர் நல்ல மனசோடு சொன்னார்: "இந்த வாரம் நோவா பேழை செய்யலாமே, பிள்ளைகளுக்கு நல்லா மனசுல நிக்கும்." நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பெருவெள்ளத்தில் பேழைக்குள் தப்பித்த நோவாவின் வேதக் கதை எனக்குப் பிரியமான கதை. வானவில்லுக்குக் கலர் பேப்பர் கிழித்து ஒட்டுவதைப்போல் சின்னப் பிள்ளைகளுக்குத் தோதான வேலையும் இல்லை. ஆனால் போன திங்கட்கிழமை கட்டில்மேல் ஏறி நின்று தண்ணீரைப் பார்த்த பிள்ளையிடம், ஆண்டவர் தண்ணீர் அனுப்பினார் என்ற வரியை இந்த வாரம் நான் எப்படிச் சொல்வேன்? அந்த வயதுக்கு அந்த ஒரு வரிதான் மிஞ்சும். பேழையும் புறாவும் உடன்படிக்கையும் மிஞ்சாது. பெரிய பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லலாம். குட்டிகள் கேள்வியாகக் கேட்க மாட்டார்கள், ராத்திரி அழுவார்கள். நோவா அடுத்த வருஷம் வரட்டும்.

டிசம்பர் 24, ஞாயிறு

ஹால் இல்லை. கோயில் (சர்ச்) பக்கவாட்டு வராந்தாவில் வகுப்பு. தங்கியிருந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள், மற்றப் பிள்ளைகள் எல்லோரும். வேண்டுமா என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டுத்தான் உட்கார வைத்தேன். "வெளையாடத்தானே, உக்காரட்டும் டீச்சர்" என்றார்கள்.

பால்காரர் தருவதாகச் சொன்ன வைக்கோல் நனைந்து அழுகிவிட்டது. அதனால் பழைய பேப்பரைக் கிழித்தோம். அடடா, அந்தச் சத்தம்! நீளமாகக் கிழிக்க ஒரு வழி இருக்கிறது: பேப்பரைச் செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து ஒரு சின்னக் கீறல் நான் போட்டுக் கொடுத்தால், இரண்டு கையையும் எதிரெதிரே இழுத்துப் பிள்ளையே கடைசிவரை கிழித்துவிடும். ஒவ்வொரு கிழிசலுக்கும் முகம் மலர்ந்து என்னைப் பார்த்தார்கள். இந்த வாரம் முழுக்க "தொடாதே, போகாதே, சும்மா இரு" என்பதையே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள்.

கிழித்ததைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டார்கள். சிரட்டை விளிம்பை முன்பே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தோம். அப்புறம் பழைய வேட்டித் துணியில் கிழித்த பட்டைகள், சுருட்டித் தைத்த ஒரு சின்னத் துணிப் பாப்பா. "துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்." முன்னணை என்றால் மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி, எங்களுக்கு அது சிரட்டை. லூக்கா எழுதிய அந்த வரிக்கு மேல் நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

சிவப்பு ரிப்பன்காரி வந்திருந்தாள், இன்று ரிப்பன் இல்லை. நாசரேத்துப் பக்கத்திலிருந்து ஆச்சியை எப்படியோ கூட்டி வந்துவிட்டார்களாம், ஆச்சியும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இவள் பாப்பாவைச் சுற்றினாள். முதலில் கால், அப்புறம் வயிறு, முகத்தையும் மூடப் போனவள் நிறுத்திவிட்டுப் பட்டையைக் கழுத்துக்குக் கீழே இழுத்துவிட்டாள். வீட்டில் தம்பிப் பாப்பாவுக்குத் தாய் செய்வதைப் பார்த்த கை அது. சிரட்டையில் கிடத்தியதும், எடுத்து ஆச்சி மடியில் வைத்துவிட்டாள். "இயேசப்பாவுக்கு எடம் இல்லையாம், ஆச்சி. நீ வச்சுக்கோ."

ஆச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: "பிள்ளைக்கு வெளங்கிட்டு, டீச்சரம்மா."

டிசம்பர் 26, செவ்வாய்

நேற்று விடியற்கால ஆராதனை. கேக்கும் முறுக்கும் எல்லாருக்கும் பங்கிட்டோம். ஆட்டம்பாட்டம் இல்லாத கிறிஸ்மஸ். களைப்பு, தூங்கப் போகிறேன்.

ஜனவரி 7, 2024, ஞாயிறு

சாஸ்திரிகளை நான் எப்போதும் ஜனவரிக்குத்தான் வைப்பேன். டிசம்பர் குடிலிலேயே மேய்ப்பர் பக்கத்தில் அவர்களை நிறுத்திவிடுவது வழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மத்தேயு தன் சுவிசேஷத்தில் சாஸ்திரிகள் வீட்டுக்குள் வந்ததாக எழுதுகிறார். எத்தனை பேர் என்றும் சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று என்று ஆகிவிட்டது. எண்ணிக்கை சொல்லாதது பாலர் வகுப்புக்குப் பெரிய உதவி. மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களை அழ வைக்க வேண்டாம், எல்லோருமே சாஸ்திரிகள்.

நாட்டு மருந்துக் கடையில் குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் கொஞ்சம் வாங்கினேன். ஒவ்வொன்றையும் தடித்த துணிப் பையில் போட்டு நாலு பக்கமும் நெருக்கத் தைத்துவிட்டேன், பிரிக்க முடியாது. பொன்னுக்கு வீட்டுப் பித்தளைக் கிண்ணம். பிள்ளைகள் ஒவ்வொருவராக எடுத்து, மோந்து பார்த்து, வெள்ளைப்போளத்துக்கு முகம் சுளித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய்ச் சிரட்டைக்கு முன்னால் வைத்தார்கள். ஒருவன் மட்டும் கிண்ணத்தை வைத்துவிட்டு, உடனே எடுத்துக்கொண்டு ஓடினான். கொடுப்பது கஷ்டமான வேலை, இரண்டு வயதில் இன்னும் கஷ்டம். அவனை விரட்டவில்லை. பத்து நிமிஷம் கழித்து அவனாகவே கொண்டுவந்து வைத்தான்.

நட்சத்திரத்துக்கு வெண்டைக்காய். முற்றிய காயைக் காம்போடு குறுக்கே வெட்டினால் ஐந்து மூலை இருக்கும். காம்பைப் பிடித்து பீட்ரூட் சாற்றில் தொட்டு அச்சு வைக்கலாம். சாறு தண்ணியாக இருந்தால் அச்சு பரவிவிடும், கொஞ்சம் மைதாப் பசை கலந்துகொள்ள வேண்டும். இன்று பேப்பர், பாய், வராந்தாத் தூண் எங்கும் நட்சத்திரம். ஹால் போன வாரமே காலியாகிவிட்டது. ஆனால் பிள்ளைகளுக்கு வராந்தா பிடித்துப்போய்விட்டதால் அங்கேயே உட்கார்ந்தோம்.

இந்த வருஷம் ஈஸ்டர் சீக்கிரம். இயேசு எருசலேமுக்குள் வந்ததை ஓலை பிடித்து நினைக்கும் குருத்தோலை ஞாயிறு மார்ச் 24. ஓலையில் சிலுவை மடிப்பது குட்டிகளால் ஆகாது. ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா சொல்லி நடப்பதும், வழியில் துணி விரிப்பதும் ஆகும். ஓரம் கிழிக்காத இளங்குருத்தாக வேண்டும் என்று மரம் ஏறுகிறவரிடம் இப்போதே சொல்லி வைக்கலாம்.