கெப்பின் மூடியும் கெரியரும்: வலப்பக்கம் காய்ந்துவிட்டது

நேற்று மாலை ஐந்து மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் எழுந்தவுடன் முகம்கூடக் கழுவாமல் போய், கெப்பின் (பின்னால் சாமான் தட்டுள்ள பிக்கப் வண்டி) பின் கதவை இறக்கி, மூடி போட்ட தட்டுக்குள் கையை விட்டேன். வலப்பக்க மூலை காய்ந்து கிடந்தது. இரவு விரித்து வைத்த பழைய செய்தித்தாள் மொறமொறவென்று அப்படியே இருந்தது. இடப்பக்கத் தாள் ஊறித் தட்டோடு ஒட்டிப்போயிருந்தது. தட்டு மூடியின் ஒழுக்கை நிறுத்த வலப்பக்கத்தில் மட்டும்தான் வேலை செய்திருந்தேன்; இடப்பக்கத்தில் நான் இன்னும் கை வைக்கவில்லை. ஆகவே அது நனைந்ததும் எனக்குச் சந்தோஷம்தான். மழை ஒன்று, வண்டி ஒன்று. வேலை செய்த பக்கம் காய்ந்திருக்கிறது, செய்யாத பக்கம் நனைந்திருக்கிறது. ஐந்து மாதமாக என்னைச் சுற்றவைத்த ஒழுக்கு எங்கேயிருந்து வருகிறது என்பது இனிச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது.

வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் வீகோ, இரட்டைக் கெபின். வீடு இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில். பள்ளிக்கூட நாட்களில் வண்டிக்கு அதிக வேலை இல்லை. மாசி, பங்குனி, சித்திரை வந்தால் தேயிலைத் தோட்டத்துக்குத் தோட்டம் திருவிழா. மச்சானின் ஒலிபெருக்கிச் சாமான் முழுவதும் என் கெப்பில்தான் போகும். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பெட்டி இரண்டும் அம்ப்ளிஃபையரும் மிக்சரும் தட்டுக்குள். ஏணி, டியூப் லைட் சட்டங்கள், ஆறு மீட்டர்க் குழாய்கள் மேலே, தட்டுக்கு மேல் நிற்கும் கெரியர்ச் சட்டத்தில். கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. மேலே பாரம் ஏற வேண்டும். இந்த இரண்டும் ஒரே வண்டியில் சேர வேண்டும் என்றதில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பித்தது.

மூடியைத் தெரிவு செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் குஷன் கடையில் தரப்பாள் மூடி தைத்தேன். கொழுந்து பறிக்க மலைக்கு அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு போன படங்குத் துணி எத்தனை மழையைத் தாங்கியது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். துணிமேல் எனக்கு நம்பிக்கை அதிகம். தையல் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் படங்கு உடம்போடு சரிந்து நிற்பது, இது மட்டமாகக் கிடப்பது. நடுவில் குழி விழுந்து இரண்டு வாளித் தண்ணீர் தேங்கியது. அடியில் வளைவுக் கம்பி கொடுத்தால் சரிவு வரும்; சரிவு வந்தால் கெரியருக்கு இடம் போய்விடும். கண்ணாடியிழைக் கூண்டு போடலாம் என்றால், அதன் கூரை குழாய்க் கட்டைச் சுமக்க உள்ளே தனியாக இரும்புச் சட்டம் வேண்டும். ரோலர் மூடி பார்க்க அழகு. ஆனால் சுருள் அடங்கும் பெட்டி தட்டின் முன்புறத்தில் ஏறக்குறைய 25 சென்டிமீட்டரைத் தின்றுவிடுகிறது. என் தட்டின் உள் நீளம் ஒன்றரை மீட்டர். ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் படுக்க வைத்தால் 140 சென்டிமீட்டர் போய்விடும். அதோடு ரோலர் மூடி கணக்கிலிருந்து விழுந்தது.

மிஞ்சியது மூன்று மடிப்பு அலுமினிய மூடி. அதிலும் இரண்டு வகை உண்டு: விளிம்பின் மேல் உட்காருவது, விளிம்புக்கு உள்ளே அமிழ்ந்து நிற்பது. கெரியர் போட எண்ணம் இருப்பவர்கள் தயவுசெய்து இரண்டாவது வகையையே வாங்குங்கள். மேலே உட்காரும் மூடி, கெரியரின் கால் நிற்க வேண்டிய இடத்தையே பிடித்துக்கொள்ளும். அமிழ்ந்து நிற்பது விளிம்பின் மேல்தளத்தைக் காலியாக விடும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, பாவித்த மூடி ஒன்றை எடுத்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் தொடங்கும்வரை, இருக்கும் வண்டியையே பேணிக் காப்பாற்ற வேண்டிய நிலை எல்லாருக்கும் இருந்தது. அதனால் நல்ல பாவித்த சாமான் கண்ணில் பட்டால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டியிருந்தது; அடுத்த வாரம் போனால் இருக்காது.

கெரியரின் உயரத்தை அட்டையை வைத்துத்தான் தீர்மானித்தேன். தாழ்வாக, விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டரில் போட்டால் காற்றுப் பிடிக்காது, தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் கிளையிலும் தட்டாது என்று முதலில் நினைத்தேன். ஆனால் மூடியின் ஒவ்வொரு பலகையும் 50 சென்டிமீட்டர் அகலம். பின் பலகையைத் தூக்கும்போது அது வில்போல் சுற்றி மேலே வருகிறது. 40இல் குறுக்குச் சட்டம் இருந்தால் நேராகப் போய் இடிக்கும். பலகை அளவில் வெட்டிய அட்டையைக் கீலில் வைத்துச் சுற்றிப் பார்த்தபோதுதான் அது பிடிபட்டது. ஆகவே கெபின் கூரைக்கு 5 சென்டிமீட்டர் மேலே போட்டேன். ஆறு மீட்டர்க் குழாய் கூரையில் உரசாமல் முன்னால் நீளவும் அதுதான் வசதி. 38 மில்லிமீட்டர்ச் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர்த் தடிப்பு, மொத்தம் ஒன்பது மீட்டர் போயிற்று. சட்டம் மட்டும் 20 கிலோ வரும். வெல்டிங் பாஸ் (வெல்டர்) 3 மில்லிமீட்டர் போடச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியைச் சாய்க்கும்; ரம்பொடை வளைவுகளில் பாரத்தோடு இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்தது கால் தகடு. இதற்காக நான்கு வார இறுதிகள் போயின. மூடியின் பக்கச் சட்டம் விளிம்பின் உள் மடிப்பைக் கிளாம்ப் போட்டுப் பிடிக்கிறது. கெரியரின் காலும் அதே மடிப்பைத்தான் பிடிக்க வேண்டும். விளிம்பைத் துளைக்க எனக்கு மனம் வரவில்லை. துளைத்த இடத்தில் நாகப் (துத்தநாகப்) பூச்சு பூசினாலும் இந்த ஈரத்தில் ஒருநாள் துரு எட்டிப் பார்க்கும். மூடியின் கிளாம்ப்கள் பக்கத்துக்கு நான்கு. அவற்றில் இரண்டை ஒரு சாண் தள்ளி, நடுவில் கிடைத்த இடைவெளியில் 6 மில்லிமீட்டர்த் தகட்டை மேலேயும் தாடையைக் கீழேயும் வைத்து எம் 8 போல்ட்டால் இறுக்கினேன். இரும்பு அலுமினியத்தை நேராகத் தொடாமல் இருக்க இடையில் ரப்பர் தாள். இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒட்டி நின்றால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்துப் போகும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பின் பலகையை மூடினேன். வலது பின் காலுக்குப் பக்கத்தில் ரப்பர் ஒரு நூல் தூக்கி நின்றது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அப்பியாசக் கொப்பித் தாளை இரண்டு விரல் அகலத்தில் நறுக்கி, ரப்பருக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். நன்றாகப் பொருந்திய இடத்தில் தாள் கிழிந்து கையோடு வரும். அந்தக் கால் அருகில் வெண்ணெயில் கத்தி போனதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு ரப்பர் முழுவதும் வெண்கட்டி தேய்த்து மூடித் திறந்தேன். சட்டத்தில் வெள்ளைக் கோடு ஓடிவந்து, தகட்டுக்கு முன்னும் பின்னும் ஏழு சென்டிமீட்டர் காணாமல் போயிருந்தது. தகட்டின் உள் ஓரம் 4 மில்லிமீட்டர் அதிகமாக நீண்டு, ரப்பரின் அடியில் புகுந்திருந்ததுதான் காரணம். நான்கு தகட்டையும் கழற்றி, அரத்தால் ராவி, ஓரத்தை உருட்டி, திரும்பப் பூட்டினேன். இரண்டாவது முறை வெள்ளைக் கோடு அறாமல் ஓடியது. அந்தக் கோட்டைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

ரப்பர் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. அடிக் கணக்கில் விற்கும் பீடிங் எல்லாம் ஒன்றல்ல. முதலில் ஒரு கடையில் தந்தது பஞ்சு ரப்பர்; ஒரு மாதத்தில் தண்ணீரைக் குடித்து ஊதிப்போனது. இப்போது ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி, தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து பார்த்துத்தான் வாங்குகிறேன். தண்ணீரை உறிஞ்சினால் அது வேண்டாம். ஈபிடிஎம் ரப்பர் உறிஞ்சாது, வெயிலிலும் வெடிக்காது. பூசும் சிலிக்கனிலும் அப்படித்தான்: குழாயைத் திறந்ததும் வினாகிரி வாசம் அடித்தால் அது உலோகத்தை அரிக்கும் வகை. வாசமில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் ஒழுகியது. அதுவும் எப்படி? வீட்டு முற்றத்தில் ஹோஸ் பிடித்து அரை மணி நேரம் அடித்தாலும் உள்ளே ஈரமில்லை. கொழும்புக்குப் போய் வந்தால் பின் கதவு ஓரத்தில் தண்ணீர் நிற்கும். ஒருமுறை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஊறி, அன்று இரவுத் திருவிழாவில் ஒரே பெட்டியை வைத்துச் சமாளித்தோம். மச்சான் என்னை ஒன்றும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். தண்ணீர் பின்னால் நின்றதால் பின் கதவைத்தான் சந்தேகித்தேன். அதன் ரப்பரை இரண்டு தடவை மாற்றினேன், கீலைச் சரிசெய்தேன், மூன்று வாரம் போயிற்று.

விடை கினிகத்தேனை ஏற்றத்தில் கிடைத்தது. கித்துல்கலையைத் தாண்டியதிலிருந்து நல்ல மழை. தேநீருக்காக ஓரம் கட்டியபோது, ஓடும் வண்டியில் பார்க்க முடியாததை நின்ற வண்டியில் பார்ப்போம் என்று டோர்ச்சோடு பின்னால் போய்ப் பின் கதவை இறக்கினேன். இந்த மூடி தண்ணீரை முழுவதுமாகத் தடுப்பதில்லை. ரப்பரைத் தாண்டி வரும் கொஞ்சத்தைப் பக்கச் சட்டத்தில் ஓடும் சிறு பீலி பிடித்து, முன் மூலைகளில் இருக்கும் வடிகுழாய் வழியாக வெளியேற்றுகிறது. அதன் அமைப்பே அப்படி. அன்றைக்கு அந்தப் பீலியில் தண்ணீர் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரைப் பீலி அடைத்தால் மறுமுனையில் கொட்டுமே, அப்படியே பின் முனையில் கொட்டிக்கொண்டிருந்தது. வண்டியின் மூக்கு மேலே. முன் மூலை உயரம், பின் மூலை தாழ்வு. பின்னால் வடிகுழாயே இல்லை.

வீட்டு முற்றம் வீதியை நோக்கிச் சரிகிறது. நான் எப்போதும் மூக்கை வீதிப் பக்கம் வைத்துத்தான் நிறுத்துவேன். மறுநாள் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்: தட்டின் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு முன்பக்கம் 9 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. அதனால்தான் வீட்டில் ஒழுகவில்லை. கித்துல்கலையிலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தலவாக்கலை வரை பெரும்பாலும் ஏற்றம். வழி முழுவதும் மழை. மட்டமான தரையை நினைத்துச் செய்த சாமானை மலையில் பாவிக்கிறோம். இங்கே வண்டி மட்டமாக நிற்கும் இடம் எத்தனை இருக்கிறது? மூடி போடுகிற மலையகத்து நண்பர்கள் மூக்கை மேலே வைத்து ஒரு தடவை, கீழே வைத்து ஒரு தடவை தண்ணீர் அடித்துப் பாருங்கள். என்னைப்போல் ஐந்து மாதத்தை இழக்காதீர்கள்.

அதன்பிறகு செய்தது இதுதான். வலது பின் முனையின் பிளாஸ்டிக் அடைப்பைக் கழற்றி, பீலியின் தரையில் முதலில் 2, பிறகு 6, கடைசியில் 10 மில்லிமீட்டர்த் துளை போட்டேன். பித்தளை நிப்பிளை (குழாய் மாட்டும் சிறு முனை) மேலிருந்து இறக்கி, அடியில் நட்டுப் போட்டு, இருபுறமும் ரப்பர் வாசர். பொருத்திய பிறகு ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினேன். நிப்பிளின் தலையைச் சுற்றித் தேங்கி நின்றது. தலை 3 மில்லிமீட்டர் எழும்பி நின்றால் 3 மில்லிமீட்டர்த் தண்ணீர் எப்போதும் நிற்கும். கழற்றித் தலையை ஒரு மில்லிமீட்டருக்கு ராவினேன். துளையின் ஓரத்தை, உருண்டை முனை போல்ட் ஒன்றை வைத்து மெல்லத் தட்டித் தட்டிக் கிண்ணம்போல் இறக்கினேன். அலுமினியம் மெல்லியது, ஓங்கி அடித்தால் கிழிந்துவிடும். இருபது தட்டில் தலை குழிக்குள் அமர்ந்தது. மறுபடி ஒரு கரண்டி ஊற்றினேன். சுழித்துக்கொண்டு இறங்கிப் போனது. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனைவியும் வந்து பார்த்தாள்; அவள் ஊற்றியதும் போனது.

குழாயை இடையில் எங்கும் தொய்யவிடாமல், தட்டின் பின் மூலையில் ஏற்கெனவே இருந்த துளை வழியாக இறக்கி, நுனியைச் சாய்வாக வெட்டினேன். தொய்ந்தால் அந்த இடத்தில் மண் தங்கும். யூக்கலிப்டஸ் இலை அடைக்காமல் இருக்கத் தேநீர் வடியின் கம்பி வலையிலிருந்து ஒரு ரூபாய்க் குற்றி அளவு வெட்டி வாயில் வைத்திருக்கிறேன். நேற்று முற்றத்தில், மூக்கு மேலே நிற்கும்படி வீட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தியதும் இந்தப் பின் வடிகுழாயைச் சோதிக்கத்தான்.

இடப்பக்கத்துக்கு இன்னொரு நிப்பிள் வேண்டும். ஹட்டனில் வாங்கிய கடையில் ஒன்றுதான் இருந்தது. இதைச் செய்யப் போகிறவர்கள் ஆயத்தமாக இரண்டு கேட்டு வாங்கவும். இதற்கிடையில் மூடியின் அடியில் வியர்ப்பது பற்றியும் யோசிக்கிறேன். ஒழுக்கே இல்லாவிட்டாலும் இரவுக் குளிரில் அலுமினியத்தின் அடியில் முத்து முத்தாக வியர்க்கிறது. நானுஓயாவில் ஓரிரவு நிறுத்தியபோது பார்த்தேன். அடியில் மெல்லிய நுரைத் தாள் ஒட்டலாமா, முன் சுவரில் சிறு காற்றுவழி விடலாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. நுரைத் தாளை ஒரு பலகைக்கு மட்டும் ஒட்டி, மற்ற இரண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். கெரியரின் பின் சட்டத்தில் வேலை வெளிச்சம் ஒன்று பூட்ட வயரையும் இழுத்து வைத்துவிட்டேன். இரவு இரண்டு மணிக்குச் சாமான் ஏற்றும்போது வாயில் டோர்ச்சைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எட்டுப் போல்ட்டையும் திரும்ப இறுக்கியபோது இரண்டு போல்ட் மட்டும் கால் சுற்றுத் தளர்ந்திருந்தன. தகடு மெல்லிய மடிப்பைத்தான் பிடிக்கிறது என்பதால் 18 நியூட்டன் மீட்டரோடு நிறுத்தினேன். ஆயிரம் கிலோமீட்டரில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அடுத்த போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் இடப்பக்கத் துளை. மச்சான் இரண்டாவது ஸ்பீக்கரின் கூம்பை மாற்றிவிட்டான். முந்தாநாள் தொலைபேசியில் கேட்டான்: "மச்சான், இந்த முறை ஏற்றலாமா?" வலப்பக்கத்தில் ஏற்றலாம் என்று சொல்லியிருக்கிறேன்.