ஆட்டுக்காக போட்ட வேலிய நாய்க்காக திருப்பி போட்ட கதை

காங்கேயத்துக்கு தெக்க, தாராபுரம் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி எங்களுக்கு ஒரு 2 ஏக்கர் இருக்கு. 396 அடி நீளம், 220 அடி அகலம். கெணறு கெடையாது, வெறும் கொறங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் காடு, கொழுக்கட்டை புல்லும் நாலஞ்சு வெள்வேல மரமும் தான். வெள்ளாடு 14, குட்டிங்க தனி. எனக்கு திருப்பூர்ல கம்பெனி வேலை, சனி ஞாயிறு மட்டும் தான் காட்டுல, இத பண்ணையம்னு சொன்னா ஊர்ல சிரிப்பாங்க, பைத்தியம்னு வெச்சுக்கங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி முதல் வேலி போட்டேன். அப்பாரு காலத்து கிளுவை வேலி, கிளுவை மரத்தையே வரிசையா நட்டு வளத்த உயிர்வேலி, சுத்தியும் இருந்துச்சு, அங்கங்க பட்டுப்போயி ஓட்டை விழுந்து கெடந்துது. ஜேசிபி விட்டு மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டு சிமெண்ட் போஸ்ட் நட்டு முள்ளுக்கம்பி 5 வரிசை இழுத்துட்டேன். அப்பத்தா அன்னைக்கே "கண்ணு, கிளுவைய புடுங்காத, அதுபாட்டுக்கு இருக்கட்டும், உள்பக்கமா கம்பிய கட்டிக்க"ன்னாங்க. நான் கேக்கல.

வெள்ளாடு முள்ளுக்கம்பிய எல்லாம் மதிக்காதுங்க. ரெண்டு வரிசைக்கு நடுவுல தலைய விட்டு, முன்னங்கால ஊனி, ஒரு தள்ளு. வெளிய பச்சையா ஒரு கொப்பு தெரிஞ்சா போதும். அப்படி நுழைஞ்சதுல ஒரு பால் ஆட்டுக்கு மடி கிழிஞ்சு தையல் போட வேண்டியதா போச்சு. அதையாச்சும் பொறுத்துக்கலாம். ஒருநாள் விடிய காத்தால அடிக்கம்பிக்கு கீழ பூந்து தெருநாய்ங்க வந்து 3 குட்டி ஒரு பெரிய ஆடு, நாலையும் கடிச்சு போட்டுருச்சு. காங்கேயம் வெள்ளக்கோயில் பக்கம் இருக்கறவங்களுக்கு இத சொல்லி வெளக்க வேண்டியதில்ல, செத்த ஆட்ட ரோட்டுல போட்டு மறியல் பண்ணுன ஊருங்க இது. அன்னைக்கு தான் புரிஞ்சுது, நான் ஆடு வெளிய போகாம இருக்க வேலி போட்டிருக்கேன், நாய் உள்ள வராம இருக்க போடவே இல்ல.

கரண்ட் விட்டுருன்னு ஒரு மாப்ள ஐடியா குடுத்தான். நேரடி கரண்ட் குடுத்தா ஆளு செத்து ஜெயிலுக்கு போகணும். சோலார்ல விட்டு விட்டு ஷாக் அடிக்கற மிஷினு வேற, அது சரியான பொருள் தான், ஆனா புல்லு வளந்து கம்பிய தொட்டா பவர் எறங்கிடும், வாரம் ரெண்டு நாள் வர்ற ஆளுக்கு அது ஒத்து வராது.

சரி, ரெண்டாவது ரவுண்டு. இந்த தடவை கல்லுக்கால், 7 அடி, 2 அடி மண்ணுக்குள்ள 5 அடி மேல. 8 அடிக்கு ஒரு கல்லு, சுத்தளவு 1,232 அடி, கேட்டுக்கு 12 அடி போக 154 கல்லு, சப்போர்ட்டுக்கு 26, ஆக 180. அதுல 4 அடி ஒசரத்துக்கு டைமண்ட் வலை, 3 இஞ்ச் கண்ணு, 10 கேஜ் (கேஜ்ங்கறது கம்பியோட தடிமன் நம்பர்). 4 இஞ்ச் கண்ணு வெல கம்மி தான், ஆனா கொம்பு வெச்ச ஆடு தலைய விட்டுட்டு திரும்ப எடுக்க முடியாம மாட்டிக்கும், யாரும் பாக்கலைனா அங்கயே நின்னு செத்துரும். வலைக்கு மேல ரெண்டு வரிசை முள்ளுக்கம்பி, அது நாய் ஏறாம இருக்க.

கம்பி வாங்கறதுல போன தடவை நல்லா ஏமாந்தேன். 12 கேஜ்னு சொல்லி 14ஐ குடுத்திருக்காங்க, கேஜ் நம்பர் ஏற ஏற கம்பி மெலிசாகும்ங்கறதே எனக்கு அப்ப தெரியாது. 12ன்னா 2.6 மில்லி, 14ன்னா 2 மில்லி, கண்ணுல பாத்தா வித்தியாசம் தெரியாது. கிலோ கணக்குல விக்கறதால மெலிசு கம்பி நீளமா வரும், 12 கேஜ் முள்ளுக்கம்பி கிலோவுக்கு சுமாரா 9 மீட்டர் தான், 14ன்னா 15 கிட்ட வரும், நம்மளும் அட லாபம்னு சந்தோசமா தூக்கிட்டு வந்துருவோம். மேல துத்தநாகப் பூச்சும் கம்மி, ரெண்டு மழைக்கு முள்ளு முடிச்செல்லாம் செவந்துருச்சு. இந்த தடவை தடிமன் அளக்கற வெர்னியர் எடுத்துட்டு போனேன். கடைக்காரர் மூஞ்சிய பாக்கணும்.

குழி தான் உசுர வாங்கிருச்சு. மேல அரை அடி செம்மண்ணு, அதுக்கு கீழ சுக்கான் கல்லு. டிராக்டர்ல மாட்டற ட்ரில்லு வெச்சு பாத்தோம், மேலயே நின்னு துள்ளுது. கடசில முதல் நாள் சாயங்காலம் குழில தண்ணி ஊத்தி வெச்சு, மறுநாள் கடப்பாரைல ஒடச்சு எடுத்தோம், ரெண்டு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 குழி, அதுக்கு மேல போகல. அத்துல, அதாவது எங்க எல்லைல, இருந்து ரெண்டு அடி உள்ள தள்ளி தான் எல்லா கல்லும், பக்கத்து காட்டு மாமா வந்து நின்னு பாத்துட்டு "ஏன் மாப்ள எடத்த விடற?"ன்னாரு. காரணம் அப்பறம் சொல்றேன்.

மூலைக்கல்லு விஷயத்த கொஞ்சம் நிறுத்தி சொல்லணும். போன தடவை நாலு மூலை போஸ்ட்டும் ஆறு மாசத்துல உள்ள சாஞ்சு கம்பி தொட்டில் மாதிரி தொங்கிருச்சு. ஏன்னா மூலைக்கு சப்போர்ட்ட வெளிப்பக்கம் வெச்சிருந்தேன், வெளிய இருந்து புடிச்சுக்கும்னு நெனப்பு. இப்ப வந்த மேஸ்திரி அத பாத்துட்டு சிரிச்சாரு. "ஏனுங்க தம்பி, கம்பி எந்தப்பக்கம் இழுக்குது? உள்ள. சாயற ஆளுக்கு சாயற பக்கம் தானுங்க தோள் குடுக்கணும்." கல்லு அமுக்கத்த தாங்கும், இழுவைய தாங்காது. அதனால வேலி ஓடற திசையிலயே, கம்பிக்கு கீழ, சாய்வா ஒரு கல்லு, மூலைக்கல்லோட மேல் பாகத்துல முட்டுக்குடுத்து, அதோட அடி நகராம இருக்க ஒரு கருங்கல்லு பதிச்சு கான்கிரீட். மூலைக்கு ரெண்டு திசைலயும் இழுவை, அதனால ரெண்டு சப்போர்ட். நடுவுல 100 அடிக்கு ஒரு கல்லுக்கு ரெண்டு பக்கமும். மத்த கல்லுக்கெல்லாம் சிமெண்ட்டே போடல, ஒடஞ்ச கல்லும் மண்ணும் போட்டு கடப்பாரை கொண்டையில இடிச்சது தான், ஒண்ணும் அசையல.

கான்கிரீட்ட 10 நாள் விட்டுட்டு அப்பறம் தான் இழுவை. வலை நிக்கணும்னா மேல நடுவுல கீழன்னு 3 வரிசை 10 கேஜ் வெறுங்கம்பி ஓட்டணும், அது மட்டும் 75 கிலோ. இது இல்லாம வலைய நேரா கல்லுல கட்டுனா வெள்ளாடு முன்னங்கால தூக்கி வெச்சு நின்னு நின்னே பைய மாதிரி தொங்க விட்டுரும். முதல் நாள் காலைல ஏழு மணிக்கு கம்பி இழுக்கற புல்லர் போட்டு வீணை மாதிரி டைட்டா இழுத்து கட்டினோம், தட்டுனா டங்குன்னுச்சு. மத்தியானம் சோறு தின்னுட்டு வந்து பாத்தா தொங்குது. யாரு தளத்தினதுன்னு ஆளாளுக்கு சண்டை, அப்பறம் தான் வெயில்ல கம்பி நீளுதுன்னு மண்டைல ஏறுச்சு. மத்தியானத்துக்கு மேல திரும்ப இழுத்தோம், இப்ப காலைல கொஞ்சம் கூடுதல் டைட்டா இருக்கு, இருந்துட்டு போகட்டும், சப்போர்ட் தாங்குது.

வலை 50 அடி ரோல், 25 ரோல். ஒரு ரோலையும் அடுத்த ரோலையும் சேக்கறது தான் இந்த மொத்த வேலைல எனக்கு புடிச்சது. ஓரத்துல இருக்கற ஒரே ஒரு கம்பிய திருகி திருகி கழட்டி எடுத்து, ரெண்டு ரோலையும் பக்கத்துல நிறுத்தி, அதே கம்பிய மேல இருந்து திருகி உள்ள விட்டா தையல் போட்ட மாதிரி சேந்துக்கும், சேத்த எடம் எதுன்னு எனக்கே இப்ப தெரியல. எம்பையன் பத்து வயசு, மூணாவது ரோல்ல இருந்து அவன் தான் திருகினான்.

அடிப்பக்கம் நாய்க்கு. வலை மண்ணுல தொடுது, ஆனா தொட்டா போதாது, மண்ணு எளகுன எடமா பாத்து பறிக்கும். குழில இருந்து எடுத்த சுக்கான் கல்லு மலையா குமிஞ்சு கெடந்துச்சு, அத அப்படியே வலைக்கு வெளிய ஒன்றரை அடி அகலத்துக்கு பாவி விட்டோம், பழைய முள்ளுக்கம்பில நல்லா இருந்த துண்டுங்கள தரையோட தரையா ஒரு வரிசை ஓட்டி முளை அடிச்சாச்சு.

அந்த ரெண்டு அடி எதுக்குன்னா, கிளுவைக்கு. மாமா வேலில இருந்தே நாலு நாலரை அடி குச்சியா வெட்டி, மழைக்கு முன்னாடி, கல்லு பாவுன வரிசைக்கு வெளிய அடிக்கு ஒண்ணுன்னு ஊனினோம், ஆயிரத்து இருநூறு குச்சி. வேரு எதுவும் வேண்டாம், குச்சி நட்டா தழைஞ்சுக்கும். உள்பக்கம் வெச்சா ஆடே கொழுந்து விடாம தின்னுரும், இப்ப கம்பி நடுவுல இருக்கறதால ஆடு வலைல மூக்க வெச்சு மோந்து பாத்துட்டு நிக்குது. முக்காவாசி துளுத்துருச்சு. அப்பத்தா வண்டில வந்து எறங்கி ஒரு குச்சிய நகத்துல கீறி பாத்துட்டு, பச்சையா இருக்குன்னு மட்டும் சொன்னாங்க. ஜேசிபி பத்தி ஒரு வார்த்த பேசல.

நாலு மாசம் ஆச்சு, ஆட்டுக்கு சேதம் இல்ல. செலவு எவ்வளவுன்னு வீட்ல இன்னும் முழுசா சொல்லல. பாக்கி கேட் தான், கேட்டுக்கு அடியில 5 இஞ்ச் சந்து இருக்கு, போன ஞாயித்துக்கிழமை காலைல போனப்ப அங்க மண்ணுல நகக்கீறலு, நல்ல ஆழமா. வர்ற சனிக்கிழமை அந்த சந்துல குறுக்க ஒரு கருங்கல்லு பதிக்கணும். சிமெண்ட் அரை மூட்டை மிச்சம் இருக்கு, கட்டி புடிக்காம இருந்தா சரி.