ரிவர்ஸில் மட்டும் நின்ற வண்டி

சேலத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அந்த டீசல் டாக்ஸி மூன்றாவது முறையாக வந்தபோது, டிரைவர் சாவியை என் கையில்கூடத் தரவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். கோபம் நியாயமானதுதான். ஓடுகிற வண்டி பொசுக்கென்று நின்றுவிடுகிறது, மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. எங்களிடம் வந்தால் நாள் முழுக்க ஓட்டினாலும் நிற்பதில்லை.

முதல் தடவை ஸ்கேனரில் பி0192 என்று ஒரே கோடு, அதாவது பழுதைச் சொல்லும் குறியீட்டு எண். இன்ஜினுக்கு டீசல் தருகிற ரெயில் குழாயின் அழுத்தத்தை அளக்கிற ரெயில் பிரஷர் சென்சாரின் சிக்னல் வோல்டேஜ் தாழ்ந்துவிட்டது என்று பொருள். கோடு காட்டுவது சர்க்யூட்டைத்தான், சென்சார் போய்விட்டது என்று அது சொல்வதில்லை. பையன்களுக்கு நானே இதைப் பாடமாக நடத்துகிறவன். ஆனால் அன்று வேலை நெருக்கடி, சென்சாரை மாற்றி அனுப்பிவிட்டேன். இரண்டாம் தடவை வயர்களை இணைக்கிற கப்ளர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, எர்த் பாயின்ட்டைச் சுரண்டிப் பூட்டினேன். அதோடு சரி.

இந்த முறை மூன்று கோடு. ரெயில் பிரஷர், கேம், பூஸ்ட், மூன்று சென்சாரும் ஒரே நேரத்தில். "இ.சி.எம். போயிருக்கும்ணே" என்றான் கூட வேலை பார்க்கிற தம்பி. இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் அது. இந்த மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், விலையும் அதற்குத்தான் அதிகம். மூன்று சென்சார் சேர்ந்தாற்போல் சாகாது. அந்த வண்டியில் மூன்றுக்கும் இ.சி.எம்.மிலிருந்து போகிற 5 வோல்ட் லைன் ஒன்றுதான். தெருக்குழாய் மாதிரி, ஓர் இடத்தில் உடைந்தால் எல்லா வீட்டிலும் தண்ணீர் நின்றுவிடும்.

மீட்டரை வைத்தேன். 5.01 வோல்ட். வயரிங்கை ஆட்டினேன், இழுத்தேன், ஹீட் கன் காட்டினேன். அசையவில்லை. அப்புறம்தான் டிரைவரிடம் போய் உட்கார்ந்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அண்ணே, கடைசியா எங்க நின்னுச்சு?"

"ஏற்காட்டுல பார்ட்டிய இறக்கிட்டு வண்டியத் திருப்புறப்ப. அதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டு பக்கம், பின்னாடி எடுக்கறப்ப."

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கிறவரை நிற்காத வண்டி, ரிவர்ஸ் எடுத்தால் நிற்கிறது!

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தம்பியை உள்ளே உட்காரவைத்தேன். பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்சை லேசாக விடச் சொன்னேன். இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, மீட்டர் 5.01. ரிவர்ஸ் போடச் சொன்னேன். இன்ஜின் மறுபக்கம் முன்னால் சாய்ந்ததும் மீட்டர் 0.2-க்கு விழுந்தது, இன்ஜின் ஆஃப். அடங்கி உட்கார்ந்ததும் திரும்ப 5.01. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் அப்படியே.

இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற வயர்க் கட்டான ஹார்னஸ், ஏர் ஃபில்டர் பிராக்கெட்டின் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்தது. பிராக்கெட்டில் நகக்கண் அளவுக்குப் பெயின்ட் போய் வெள்ளியாக மின்னியது. டேப்பைப் பிரித்தால் ஒரு வயரில் அரிசி நீளத்துக்குச் செம்பு தெரிந்தது. இன்ஜின் முன்னால் சாயும்போது ஹார்னஸ் விறைத்து, அந்தச் செம்பு பிராக்கெட்டில் பட்டு எர்த் ஆகியிருக்கிறது. உரசாமல் தூக்கிப் பிடிக்க அங்கே ஒரு கிளிப் இருக்க வேண்டும். ஓட்டை மட்டும் இருந்தது.

வயரைச் சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு, புது கிளிப் மாட்டினேன். அரை மணி நேர வேலை.

கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கினால் அந்த கிளிப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். டிரைவர் வைத்திருந்த பழைய பில்களைப் புரட்டினேன். நான்கு மாதத்துக்கு முன்னால் கிளட்ச் மாற்றியிருக்கிறார். பில்லில் இருந்தது எங்கள் சீல், என் கையெழுத்து.

சென்சார் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "கிளிப்புக்கு எவ்வளவுங்க?" என்றார்.